இஷ்பெலின் மூக்கு கிளம்பிப் போன செவ்வாய்க்கிழமை

இஷ்பெல் கிரிகரின் மூக்கு அவளை விட்டுப் போனது ஜூன் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை.

முகத்தில் அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது. நுனியில் கொஞ்சம் சிவந்து, எப்போதும்போல அடுத்தவர் விவகாரத்தை நோக்கி நீண்டுகொண்டு. போனது அதன் வேலை. எல்ஜினில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு ஜலதோஷத்தோடு திரும்பியிருந்தாள். ஜலதோஷம் வந்த வேகத்தில் கிளம்பியது. கிளம்பும்போது உலகத்து வாசனை அத்தனையையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதை முதலில் கண்டுபிடித்தது ஹேமிஷ் என்ற அவளுடைய நாய். ஸ்பே ஆற்றங்கரையில் செத்து ஒதுங்கிய ஒரு சால்மன் மீனின் மேல் ஆசை தீரப் புரண்டுவிட்டு, அந்தப் பெருமையோடு அது சமையலறைக்குள் நுழைந்தது. இஷ்பெலின் கணவன் டூகல் கையிலிருந்த டீக்கோப்பையோடு கொல்லைக்கு ஓடினான். இஷ்பெல் குனிந்து நாயை வாரி மார்போடு அணைத்தாள்.

"என் தங்கமே! எங்கடா போய்ச் சுத்திட்டு வர்ற?"

"இஷ்பெல்! அவனைக் கீழ விடு!" ஜன்னலுக்கு வெளியிலிருந்து டூகல் கத்தினான். "செத்த மீன்ல குளிச்சுட்டு வந்திருக்கான்!"

"நல்லாத்தானே இருக்கான்?"

டூகல் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளையே உற்றுப் பார்த்தான். இஷ்பெலுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. ஹேமிஷின் கழுத்து மயிருக்குள் மூக்கைப் புதைத்து, வேலையில் விஸ்கிக் கோப்பையின் மேல் இழுப்பாளே, அதே நீளமான மூச்சை, அவசரமே இல்லாமல் இழுத்தாள். பிறகு நாயைத் தரையில் இறக்கிவிட்டாள்.

"டூகல், ஒண்ணுமே வரல. காத்து மட்டும்தான் வருது."

வேறு யாருக்கு வந்திருந்தாலும் பாதிக் கஷ்டத்தோடு போயிருக்கும். இஷ்பெலுக்கு மூக்குதான் வேலை. மூக்குதான் விளையாட்டு. எங்கள் ஊரில் 'பழைய பாலம்' என்ற விஸ்கியைக் கலந்து அடைக்கும் ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. அதன் சாம்பிள் அறையில் மோந்து பார்க்கும் நாலு பேரில் அவள் ஒருத்தி. அந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு சண்டையால்தான். அதற்கு முன்பு பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வரிசையில் இருந்தாள். ஒருநாள் காலை டூகலோடு சண்டை போட்டுவிட்டு, தலைகூட வாராமல் வேலைக்கு ஓடிவந்தாள். அன்றைக்கென்று பார்த்துச் சாம்பிள் அறையில் ஓர் ஆள் குறைந்தது. அங்கே சென்ட் பூசியவர் யாரும் நுழையக் கூடாது. கட்டடம் முழுக்கத் தேடியதில், வாசனைச் சோப்புகூடப் போடாமல் வந்திருந்தவள் இவள் மட்டும்தான். உள்ளே தள்ளினார்கள். பிறகு வெளியே வரவே இல்லை.

நான் ஐந்து வருடம் கண்ட கண்ட ஊரில் சுற்றி, எங்கேயும் பெட்டியை முழுசாகப் பிரிக்காமல் திரும்பி வந்தபோது, அந்த அறையில் கோப்பை கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு மாதத்தில் அலுத்து ஓடியிருப்பேன். இஷ்பெல் ருசி பார்ப்பதை வேடிக்கை பார்க்கத்தான் தங்கினேன். ஷெர்ரி என்ற ஸ்பெயின் திராட்சை மது இருந்த பீப்பாயில் கிடந்த கலப்பு விஸ்கி ஒன்று அவள் முன்னால் வந்தால் போதும். நீலக் கோப்பையின் கண்ணாடி மூடியைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவாள்.

"முதல்ல உலர்ந்த திராட்சை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு அம்மா ஊறப் போட்டிருந்த கிண்ணத்துல நான் கைவிட்டப்ப வந்த அதே வாசம். அப்புறம் ஆரஞ்சுத் தோல். வால்நட். அடியில ஒரு தோல் நாற்காலி. யாரோ பணக்காரன் உட்கார்ந்து இப்பத்தான் எழுந்து போயிருக்கான். நாற்காலி இன்னும் சூடா இருக்கு."

ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்புவாள். அதையும் ஒரு அழகோடு.

"பார்லி மால்ட்டு விஸ்கி வாய் மூடாமப் பேசிக்கிட்டே இருக்கும். தானிய விஸ்கி தலையாட்டிக்கிட்டே கேட்கும். ரெண்டையும் சமாதானமா ஒரே கட்டில்ல படுக்க வைக்கிறது ஷெர்ரி பீப்பாய். நம்ம வேலை என்ன? காலையில கதவைத் திறந்து, ரெண்டும் சந்தோஷமா இருக்காங்களான்னு எட்டிப் பார்க்கிறது."

இப்படிச் சொல்கிறவளுக்கு மூக்கு போய்விட்டது. மருத்துவர் ஒரு சின்ன விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் வரலாம், ஒரு வருடத்தில் வரலாம், வராமலும் இருக்கலாம் என்று தோளைக் குலுக்கினாராம். வாசலில் டூகல் கேட்டான்.

"ரோரிகிட்ட சொல்லிடலாமா?" ரோரி ஃபார்கர்தான் எங்கள் கலப்பு நிபுணன், அறைக்குத் தலைவன்.

"சொன்னா? மூக்கில்லாதவளுக்கு அங்க நாற்காலி எதுக்கு? உடனே இன்னொருத்தியை உட்கார வச்சிடுவான். நாளைக்கே எனக்கு வாசம் திரும்பினா, நான் போய் அவ மடியிலயா உட்காருறது?"

"அதுவரைக்கும் எப்படி ஓட்டுவ?"

"டாட் மூஞ்சியைப் பார்த்து" என்றாள் இஷ்பெல்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு அந்த ரகசியம் டூகலுக்கும் ஹேமிஷுக்கும் மட்டும்தான்.

அவள் போட்ட கணக்கு இதுதான். எங்கள் அறையில் யாரும் எழுதுவதில்லை, தீர்ப்புக்கு முன் வாய் திறப்பதும் இல்லை, வர்ணனையெல்லாம் பிறகுதான். எல்லோரும் மோந்து முடித்ததும் ஒருவர் 'சரி' என்பார். உடனே அவரவர் தங்கள் கண்ணாடி மூடியை மேசையில் வைக்க வேண்டும். கிண்ணம்போல நிமிர்த்தி வைத்தால் பீப்பாய் நல்லது, கவிழ்த்து வைத்தால் ஆகாது. ஒருவர் சொல்வது இன்னொருவரைக் கெடுக்கக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் ஏற்படுத்திய முறை. நாளடைவில் என்ன ஆயிற்றென்றால், எல்லோர் கண்ணும் இஷ்பெலின் கையைப் பார்க்கப் பழகிவிட்டது. அவள் கை போகும் பக்கம் மற்ற மூடிகளும் ஓர் இமைப்பொழுது தாமதித்துப் போகும்.

இப்போது அந்தக் கை டாட் மேரின் முகத்தைப் பார்த்துப் போக வேண்டும். டாட்டும் அந்த நாலு பேரில் ஒருவர், பருமனான, சாந்தமான மனிதர். எதையும் மறைக்கத் தெரியாத முகம். நல்ல விஸ்கி என்றால் இரண்டு புருவமும் தலைமயிரைத் தொடப் போகும். கெட்டது என்றால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். இவரைவிட நல்ல கண்ணாடி யாருக்குக் கிடைக்கும்?

ஒரு வாரம் அற்புதமாக ஓடியது. புருவம் ஏறினால் இஷ்பெல் மூடியை நிமிர்த்தினாள், உதடு இழுத்தால் கவிழ்த்தாள். பழைய கையிருப்பிலிருந்து திராட்சையையும் தோல் நாற்காலியையும் எடுத்துவிட்டாள். வாயில் வைத்தால் சூடும் துளி இனிப்பும் மட்டும்தான், காய்ச்சிய மழைத்தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். ஆனால் அந்த வாரம் அவள் சொன்ன வர்ணனை போல அதற்கு முன் எப்போதும் சொன்னதில்லை. ஒரு கலப்பைப் பற்றி, "மழையில நனைஞ்ச வாத்தியக்காரன் பாக்கெட்டுல கிடக்கிற மிட்டாய்" என்றாள். நாங்கள் கைதட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் ரோரிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. "நீங்க மூணு பேரும் இருக்கீங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு லீவில் போனான். 'சரி' சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஊர் விளையாட்டு விழாவின் நூறாவது வருடத்துக்காக, ஷெர்ரி பீப்பாயில் மணம் சேர்ந்த ஒரு சிறப்புக் கலப்பும் அந்த மாதமே தயாராக வேண்டியிருந்தது. கிடங்கிலிருந்து நான் சாம்பிள்களைக் கொண்டுவந்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, நீலக் கோப்பைகளில் ஊற்றி வைத்தேன்.

நாலாவது கோப்பையில் வந்தது வினை. ஸ்பெயினிலிருந்து காலி பீப்பாய்கள் கப்பலில் வரும்போது பூசணம் பிடிக்காமல் இருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவார்கள். பெரும்பாலான பீப்பாய்கள் அதை மறந்துவிடும். சில பீப்பாய்கள் சாகும்வரை மறக்காது. அதில் ஊறிய விஸ்கி அவித்த முட்டைக்கோஸ் மாதிரி நாறும். நாலாவது, அந்த ஜாதி.

டாட் மோந்தார். புருவம் இரண்டும் மேலே, மேலே, இன்னும் மேலே போயின.

மனிதர்களில் சிலருக்குக் கந்தக வாடை மட்டும் தெரியவே தெரியாது. பிறவியிலேயே அப்படி. டாட் மேர் அவர்களில் ஒருவர். இது எங்களுக்குத் தெரியாது. டாட்டுக்கே தெரியாது. இத்தனை வருடமும் கந்தகப் பீப்பாய் வரும்போதெல்லாம் இஷ்பெலின் கை மூடியைக் கவிழ்க்கும், டாட்டின் கையும் பின்னாலேயே கவிழ்க்கும், 'நமக்குத்தான் பிடிபடல' என்று மனிதர் பேசாமல் இருந்துவிடுவார்.

"சரி" என்றேன்.

இஷ்பெல் டாட்டின் புருவத்தைப் பார்த்து மூடியை நிமிர்த்தினாள். டாட் இஷ்பெலின் கையைப் பார்த்து, ஆனந்தமாக நிமிர்த்தினார். மூன்றாவது ஆள் வில்மா. அவள் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. அன்று காலை அவள் முட்டை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள், அதுதான் மூக்கிலேயே நிற்கிறது என்று நினைத்தாளாம். அவளும் நிமிர்த்திவிட்டாள்.

"இது ராணி" என்றாள் இஷ்பெல். "இதைத்தான் நடுவுல வைக்கணும்."

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன். வெந்நீர் பட்டதும் தொட்டியிலிருந்து ஒரு நாற்றம் குப்பென்று கிளம்பியது. சாக்கடைக் குழாய் உடைந்துவிட்டதென்று அலறி, பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் வந்து குழாயைக் கழற்றி, மோந்து, மறுபடி மாட்டினார். "குழாய் சுத்தமா இருக்கு. நீ மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு விஸ்கியின் மேல் சந்தேகம் வரவில்லை. மூன்று மூடியும் நிமிர்ந்திருக்கிறதே!

ராணி நடுவில் வைக்கப்பட்டாள். கலப்பு கூடியது, பாட்டிலில் இறங்கியது.

விழா நாளன்று, எங்கள் ஊரில் அபூர்வமாக, வெயில் அடித்தது. ஒரு பக்கம் பாவாடையும் மீசையுமாக ஆண்கள் நீளமான மரக்கட்டையைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தரையில் குறுக்காக வைத்த வாள்களைத் தாண்டிச் சிறுமிகள் நடனம். நடுவில் பெரிய கூடாரம். உள்ளே ஊர் முழுக்க, கையில் ஆளுக்கொரு சின்னக் கோப்பை. விழாத் தலைவராக ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர் இறகு வைத்த தொப்பியோடு நின்றார். ரோரி இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகளோடு, தூக்கமில்லாத கண்ணோடு, பின்வரிசையில். மேடையில் மைக்கின் முன்னால் இஷ்பெல். இந்த வருணனையை அவளைத் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாதென்று ஊரே அடம்பிடித்திருந்தது.

"குடிக்காதீங்க இன்னும்!" என்றாள். "முதல்ல மோந்து பாருங்க. கண்ணை மூடிக்குங்க. என்ன வருது? திராட்சை வருதா?"

கூடாரத்தில் முன்னூறு மூக்குகள் கோப்பைக்குள் இறங்கின. முன்னூறும் ஒன்றாக வெளியே வந்தன.

"ஆரஞ்சுத் தோல் வருதா?"

முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"அப்படியே கொஞ்சம் ஆழமா இழுங்க. அடியில ஒரு ரகசியம் இருக்கு!"

பேக்பைப் குழுவின் தலைவர் ஆழமாக இழுத்தார். அக்குளில் இருந்த பை அவரை அறியாமல் அமுங்கி, மாடு கத்துவதுபோல ஓர் ஓசை எழுந்தது. மாட்டு வைத்தியர் கோப்பையை எட்டப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "இஷ்பெல், நாப்பது வருஷம் மாட்டு வயித்துக்குள்ள கை விட்டவன் நான். இந்த ரகசியம் எனக்குத் தெரியும்."

"ஸ்லாஞ்ச வா!" என்று அந்த நேரம் பார்த்து, குடிக்கும்முன் சொல்லும் எங்கள் ஊர் வாழ்த்தோடு, உற்சாகமாக ஒரு குரல். டாட் மேர் தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பக்கத்துப் பெண்மணி கீழே வைத்த கோப்பையையும் எடுத்துக்கொண்டார். "என்ன எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்கிறீங்க? தேவாமிர்தமா இருக்கு!"

இஷ்பெல் மேடையிலிருந்து பார்த்தாள். ஊர் முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு முகத்தில் மட்டும் இரண்டு புருவங்கள் வானத்தில். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"டாட்" என்றாள், மைக்கிலேயே. "உனக்கு அவிச்ச முட்டைக்கோஸ் வாசம் தெரியுமா?"

"முட்டைக்கோஸுக்கு ஏது வாசம்?" என்றார் டாட்.

முதலில் வில்மாவிடமிருந்துதான் சிரிப்பு வெடித்தது. "அப்போ அது நான் சாப்பிட்ட முட்டை இல்லையா!" என்று கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இஷ்பெல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"எனக்கு மூக்கு போச்சு!" என்றாள். "ஒரு மாசம் ஆச்சு! செத்த மீன்கூடத் தெரியல! நான் இவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் மோந்தேன்!"

"நான் உன் கையைப் பார்த்து!" என்றார் டாட்.

"நான் ரெண்டு பேரையும் பார்த்து!" என்றாள் வில்மா, தரையிலிருந்து.

கூடாரத்தின் கம்பங்கள் ஆடும் அளவுக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு நடந்ததை நான் போன எந்த நாட்டிலும் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஊர்க்காரர்கள் அந்த விஸ்கியை ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தார்கள். மூக்கை இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மத்தியானம் முழுக்க, மூக்கைப் பிடித்த ஒரு கையும் கோப்பை பிடித்த ஒரு கையுமாக ஊரே நடனம் ஆடியது. மரக்கட்டைப் போட்டியின் இறுதிச் சுற்றில் கட்டை எதிர்த் திசையில் போய் விழுந்தது. பேக்பைப் தலைவர் எந்தப் பாட்டை வாசித்தார் என்று இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

ரோரி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தையை என்னிடமும் இன்னொன்றை டூகலிடமும் கொடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போனான். நாங்களும் கூடவே போனோம். இஷ்பெல் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஏன் இஷ்பெல் என்கிட்ட சொல்லல?"

"நாற்காலி போயிடும்னு."

"போயிடுச்சே" என்றான் ரோரி. "மூக்கு இல்லாம நான் எப்படி உன்னை அங்க உட்கார வைக்க முடியும்?"

"தெரியும்." அவள் கூடாரத்தின் பக்கம் பார்த்தாள். "திங்கட்கிழமை லேபிள் வரிசைக்குப் போறேன். அங்க ஒட்டுறதுக்குக் கண்ணு போதும்." திரும்பிக் கேட்டாள். "யாரை உட்கார வைக்கப் போற?"

டூகலின் தோளில் இருந்த குழந்தை வீறிட்டது. ரோரி அதைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

"யாரையும் இல்ல. காலியா இருக்கட்டும். எப்ப வருதோ, வந்து உட்காரு. ஆனா வந்துடுச்சுன்னு நீ சொல்றதை நம்ப மாட்டேன், நீ பெரிய புளுகி. நானே சோதிச்சுப் பார்ப்பேன்."

அந்த நாலாவது பீப்பாயில் மிச்சமிருந்ததில் ஒரு பாட்டில் நிரப்பி, சாம்பிள் அறை அலமாரியில் வைத்தான். அதுதான் சோதனை. டாட்டுக்கும் ஒரு புது நிபந்தனை வந்தது. கந்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர் மூக்கு செல்லும். மூடி வைக்கும்போது இனி எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு சட்டம் வந்தது. வில்மா அடிக்கடி தன் கோப்பையைத் தட்டிவிடுவாள்.

இஷ்பெல் லேபிள் வரிசைக்குப் போனாள். ஆனால் தினமும் காலையில், சங்கு ஊதுவதற்கு முன்னால், எங்கள் அறைக் கதவைத் திறப்பாள். அலமாரிப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அந்த நீளமான மூச்சை இழுப்பாள். அந்த ஒரு நொடி நாங்கள் யாரும் கோப்பையைக்கூட அசைக்க மாட்டோம்.

"இன்னைக்கு இல்ல" என்பாள். மூடியைத் திருகி வைத்துவிட்டு, டாட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் வரிசைக்குப் போவாள். வீட்டில் எலுமிச்சையும் கிராம்பும் ரோஜாவும் பொறுமையாக மோந்துகொண்டிருக்கிறாள் என்று டூகல் சொன்னான். மருத்துவர் சொன்ன பயிற்சி. ஹேமிஷையும் அதில் சேர்த்திருந்தாள்.

குளிர்காலம் முழுக்க அந்த 'இன்னைக்கு இல்ல'வைக் கேட்டேன். வசந்தம் வந்ததும் என் கால் அரிக்க ஆரம்பித்தது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலும் அவள் வந்தாள், மோந்தாள், தலையை ஆட்டினாள்.

"நீ போ பொண்ணே. உனக்கு ஒரு இடத்துல உட்கார வராது. எனக்கு உட்கார இடம் இருக்கு, மூக்குதான் ஊர் சுத்தப் போயிருக்கு. எங்கயாவது பார்த்தா திரும்பி வரச் சொல்லு."

அந்தச் செப்டம்பரில் நான் ஸ்பெயினில், ஹெரேஸுக்கு வெளியே, திராட்சை பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பீப்பாய்கள் எங்கிருந்து வருகின்றனவோ அதே ஊர். மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி, காலிப் பீப்பாய் ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அதிர்ந்தது. இஷ்பெலிடமிருந்து ஒரு செய்தி.

"பொண்ணே, இன்னைக்குக் காலையில அலமாரிப் பாட்டிலைத் திறந்தேன். நாறுது! அவிச்ச முட்டைக்கோஸ், எரிஞ்ச ரப்பர், அதுக்கெல்லாம் அடியில, ரொம்பத் தள்ளி, சத்தியமா ஒரு ஆரஞ்சுத் தோல். ரோரி என் கண்ணைக் கட்டி ஆறு கோப்பை வச்சான், ஆறையும் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடினா, டூகலோட கம்பளிக் காலுறையும் நாறுது. இந்த மனுஷனோட இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன்னு தெரியல. நாளையிலேர்ந்து நாற்காலி எனக்கு. டாட் கிட்ட சொல்லிட்டேன், கந்தகம் வந்தா கண்ணைத் திறந்து என் மூஞ்சியைப் பார்த்துக்கோன்னு."